பைத்தான்ல பிரவுசர் டெஸ்ட் எழுதலாம் வாங்க: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

வெப்சைட்ல சின்னதா ஏதாவது மாத்துனா கூட லாகின் ஆகுதா, ஃபார்ம் போகுதா, தேடுனா ரிசல்ட் வருதான்னு எல்லாத்தையும் திரும்பத் திரும்ப கையால கிளிக் பண்ணிப் பார்க்கணும். முதல் தடவை நல்லா கவனமா பார்ப்போம், அடுத்தடுத்த தடவைகள்ல கண்ணு பார்க்கும் ஆனா மனசு அங்க இருக்காது, அந்த நேரம் பார்த்துதான் பக் உள்ள நுழையும். இந்த வேலையை ஒரு ஸ்கிரிப்ட் கிட்ட குடுத்துட்டா அது அலுக்காம ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பண்ணும்.

ஆனா கிளிக் பண்ற ஸ்கிரிப்ட் எழுதுறது ஒரு மத்தியானத்துல கத்துக்கிற விஷயம். கஷ்டம் எங்கன்னா, டெஸ்ட் ஃபெயில் ஆச்சுன்னா சைட்ல நிஜமாவே ஏதோ உடைஞ்சிருக்குன்னு எல்லாரும் நம்புற மாதிரி எழுதுறதுல இருக்கு. "அது அப்படித்தான் சில நேரம் ஃபெயில் ஆகும், திரும்ப ஓட்டு சரியாயிடும்"னு டீம்ல ஒருத்தர் சொல்ல ஆரம்பிச்சுட்டா அந்த டெஸ்ட் செத்துப்போச்சுன்னு அர்த்தம். அதனால இந்தக் கட்டுரைல எந்த இடத்துல டெஸ்ட் நம்பிக்கையை இழக்குமோ அந்த இடத்துல எல்லாம் கொஞ்சம் அதிகமாவே நிப்பேன், மத்ததை வேகமா தாண்டிடுவேன்.

எந்த டூல்

பைத்தான் மொழியும், பிரவுசரை ஸ்கிரிப்ட் மூலமா ஓட்டுற செலினியம்ங்கிற டூலும் எடுத்துக்குவோம். செலினியம் 2004-ல ஜேசன் ஹக்கின்ஸ் தாட்வொர்க்ஸ் கம்பெனில வேலை பார்த்தப்ப ஆரம்பிச்சது, அப்புறம் சைமன் ஸ்டூவர்ட் தனியா உருவாக்குன வெப்டிரைவர், அதாவது பிரவுசருக்குக் கட்டளை அனுப்புற வழி, அதோட சேர்ந்து 2011-ல செலினியம் 2 வந்துச்சு, 2018-ல வெப்டிரைவர், வெப்புக்கான தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்போட அதிகாரப்பூர்வ தரமாவே ஆயிடுச்சு. புதுசா வர்றவங்களுக்கு இந்தக் கதை எதுக்குன்னா, தரமா ஆனதாலதான் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ், சஃபாரி எல்லாம் ஒரே மொழில கட்டளை வாங்கிக்குது, நீங்க எழுதுற ஸ்கிரிப்ட் கிட்டத்தட்ட அப்படியே எல்லா பிரவுசர்லயும் ஓடும்.

2020-ல மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட்டும் அருமையான டூல், பைத்தான்லயே எழுதலாம், காத்திருக்கிற வேலையை அதுவே நிறைய பார்த்துக்கும். ரூபி தெரிஞ்சவங்களுக்கு வாட்டிர் இருக்கு. எதுல ஆரம்பிச்சாலும் தப்பில்ல. நான் செலினியத்தை சொல்றதுக்கு காரணம், இதுல காத்திருப்பை நீங்களே யோசிச்சு எழுதணும், அதை ஒரு தடவை புரிஞ்சுக்கிட்டா மத்த எந்த டூலுக்குப் போனாலும் அது உள்ள என்ன பண்ணுதுன்னு உங்களுக்குத் தெரியும்.

இன்ஸ்டால்

பைத்தான் 3 கம்ப்யூட்டர்ல இருக்கணும். புது ஃபோல்டர் ஒண்ணு போட்டு, அதுக்குள்ள டெர்மினலைத் திறந்து, ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் (இந்த புராஜெக்ட்டுக்கு மட்டும் தனியா லைப்ரரி வைக்கிற இடம்) உருவாக்கி ஆக்டிவேட் பண்ணிக்கோங்க. இதை விட்டுட்டு நேரா இன்ஸ்டால் பண்ணாலும் ஓடும்தான், ஆனா நாளைக்கு வேற புராஜெக்ட்டுக்கு வேற வெர்ஷன் வேணும்னு வர்றப்ப ரெண்டும் மோதும். அப்புறம் இந்த ஒரு வரி, இங்கிலீஷ் எழுத்துல அடிங்க:

பிப் இன்ஸ்டால் செலினியம் பைடெஸ்ட்

அவ்வளவுதான். பைடெஸ்ட்ங்கிறது டெஸ்ட்டை எல்லாம் கண்டுபிடிச்சு ஓட்டுற டூல், அதைப் பின்னாடி பார்ப்போம். முன்னாடி எல்லாம் செலினியத்தையும் குரோமையும் இணைக்கிற குரோம்டிரைவர்னு ஒரு ஃபைலை பிரவுசர் வெர்ஷனுக்குப் பொருத்தமா தேடி டவுன்லோட் பண்ணி பாத்-ல வைக்கணும், குரோம் தானா அப்டேட் ஆனதும் எல்லாம் நின்னுபோயிடும். செலினியம் 4.6-ல இருந்து செலினியம் மேனேஜர்னு ஒண்ணு கூடவே வருது, அதுவே சரியான டிரைவரைக் கொண்டு வந்துடும். அதனால "முதல்ல குரோம்டிரைவர் டவுன்லோட் பண்ணுங்க"ன்னு ஆரம்பிக்கிற பாடத்தைப் பார்த்தீங்கன்னா அது பழசுன்னு தெரிஞ்சுக்கோங்க. அதே மாதிரி ஃபைண்ட்_எலிமெண்ட்_பை_ஐடி-ன்னு நீளமா எழுதியிருந்தா அதுவும் பழசு, 2022-ல 4.3 வெர்ஷன்லயே அதைத் தூக்கிட்டாங்க, இப்ப காப்பி பண்ணிப் போட்டா எரர்தான் வரும்.

முதல் ஸ்கிரிப்ட்

பழகுறதுக்கு செலினியம் டீமே ஒரு பேஜ் வச்சிருக்காங்க. செலினியம்.டெவ் சைட்டுக்குள்ள செலினியம், அதுக்குள்ள வெப், அதுக்குள்ள வெப்-ஃபார்ம்.எச்டிஎம்எல். டெக்ஸ்ட் பாக்ஸ், பாஸ்வேர்ட், டிராப்டவுன், செக்பாக்ஸ், ஃபைல் அப்லோட்னு எல்லாம் அந்த ஒரே பேஜ்ல இருக்கு. அடுத்தவங்க சைட்ல போய் பழகாதீங்க, அவங்க அனுமதி இல்லாம ஸ்கிரிப்ட் ஓட்டுறது சரியில்ல, நிறைய சைட் அதை தங்களோட விதிமுறைல தடை பண்ணியும் வச்சிருக்கு.

கீழ இருக்கிற கோடை எல்லாம் சத்தப்படி தமிழ் எழுத்துல குடுத்திருக்கேன், நீங்க இங்கிலீஷ் எழுத்துல அடிங்க. குரோம், பை, வெப்டிரைவர்வெய்ட் மாதிரி கிளாஸ் பேருக்கு முதல் எழுத்து பெருசு, ஐடி, நேம், சிஎஸ்எஸ்_செலக்டர் முழுக்க பெரிய எழுத்து. ரெண்டாவது வரில இம்போர்ட்டுக்கு முன்னாடி வர்ற பை மட்டும் சின்ன எழுத்து, "ரிசீவ்ட்!"-ல முதல் எழுத்து பெருசு. பெட்டி, பதில் மாதிரி வேரியபிள் பேரை தமிழ்லயே வச்சாலும் பைத்தான் 3 ஏத்துக்கும்.

ஃப்ரம் செலினியம் இம்போர்ட் வெப்டிரைவர்
ஃப்ரம் செலினியம்.வெப்டிரைவர்.காமன்.பை இம்போர்ட் பை

டிரைவர் = வெப்டிரைவர்.குரோம்()
டிரைவர்.கெட்("அந்த பேஜோட முழு முகவரி")
பெட்டி = டிரைவர்.ஃபைண்ட்_எலிமெண்ட்(பை.நேம், "மை-டெக்ஸ்ட்")
பெட்டி.செண்ட்_கீஸ்("வணக்கம்")
டிரைவர்.ஃபைண்ட்_எலிமெண்ட்(பை.சிஎஸ்எஸ்_செலக்டர், "பட்டன்").கிளிக்()
பதில் = டிரைவர்.ஃபைண்ட்_எலிமெண்ட்(பை.ஐடி, "மெசேஜ்")
அசர்ட் பதில்.டெக்ஸ்ட் == "ரிசீவ்ட்!"
டிரைவர்.குவிட்()

ஓட்டுனா குரோம் திறக்கும், பெட்டில எழுத்து விழும், பட்டன் அமுங்கும், ஜன்னல் மூடிடும். இதுல கடைசிக்கு முந்துன வரியைப் பாருங்க, அசர்ட். அந்த வரி இல்லேன்னா இது டெஸ்ட் இல்ல, சும்மா கிளிக் பண்ணிட்டுப் போற ஸ்கிரிப்ட். அசர்ட்தான் கேள்வி கேக்குது, "ஃபார்ம் போன அப்புறம் சர்வர் வாங்கிக்கிச்சுன்னு யூசருக்குத் தெரிஞ்சுதா?" அப்படின்னு. ஒவ்வொரு டெஸ்ட் எழுதுறதுக்கு முன்னாடியும் அந்தக் கேள்வியை ஒரு வரில தமிழ்லயே கமெண்ட்டா எழுதிட்டு ஆரம்பிங்க, கேள்வி தெளிவா வரலேன்னா அந்த டெஸ்ட் இப்ப வேண்டாம்னு அர்த்தம்.

எழுதி முடிச்சதும் உடனே ஒரு தடவை வேணும்னே உடைச்சுப் பாருங்க. "ரிசீவ்ட்!" இடத்துல வேற ஏதாவது போட்டு ஓட்டுங்க, ஃபெயில் ஆகணும். ஃபெயிலே ஆக முடியாத டெஸ்ட் எத்தனையோ புராஜெக்ட்ல வருஷக்கணக்கா பச்சை காட்டிட்டு உக்காந்திருக்கு, அதை கண்டுபிடிக்க இதை விட சுலபமான வழி கிடையாது.

க்ளோஸ், குவிட் ரெண்டுக்கும் வித்தியாசம் உண்டு. க்ளோஸ் இப்ப இருக்கிற ஜன்னலை மட்டும் மூடும், குவிட்தான் மொத்த செஷனையும் பின்னாடி ஓடுற டிரைவர் புராசஸையும் சேர்த்து முடிக்கும். மேல இருக்கிற ஸ்கிரிப்ட்ல அசர்ட் ஃபெயில் ஆச்சுன்னா குவிட் வரிக்கு வராமலே நின்னுடும், பின்னாடி டிரைவர் புராசஸ் தங்கிப்போக வாய்ப்பிருக்கு, அதை பைடெஸ்ட் பகுதில சரி பண்ணுவோம்.

எலிமெண்ட்டைக் கண்டுபிடிக்கிறது

பேஜ்ல இருக்கிற பட்டன், பெட்டி, எழுத்து ஒவ்வொண்ணும் ஒரு எலிமெண்ட். குரோம்ல பேஜ் மேல ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்பெக்ட் குடுத்தா டெவலப்பர் டூல்ஸ் திறக்கும். எலிமெண்ட்ஸ் டேப்ல கண்ட்ரோல் எஃப் அடிச்சா வர்ற தேடல் பெட்டில சிஎஸ்எஸ் செலக்டரோ எக்ஸ்பாத்தோ (ரெண்டுமே பேஜ்ல ஒரு எலிமெண்ட்டைக் குறிக்கிற முறைதான்) எழுதிப் பார்க்கலாம், எத்தனை பொருந்துதுன்னு பக்கத்துலயே காட்டும். ஒண்ணே ஒண்ணு பொருந்தணும். ஃபைண்ட்_எலிமெண்ட் பலது பொருந்துனாலும் முதல்ல வர்றதை எடுத்துக்கும், எதுவும் சொல்லாது, அதனால இங்கயே பார்த்துடுறது நல்லது.

எதை வச்சு தேடணும்னு கேட்டா, என் வரிசை இப்படி. நிலையான ஐடி இருந்தா ஐடி. இல்லேன்னா டேட்டா-டெஸ்ட்ஐடி மாதிரி டெஸ்ட்டுக்குன்னே வச்ச அட்ரிபியூட், உங்க டீம் டெவலப்பர் கிட்ட கேட்டா ரெண்டு நிமிஷத்துல போட்டுக் குடுத்துடுவாங்க, கேக்கத் தயங்காதீங்க. அதுவும் இல்லேன்னா நேம், அப்புறம் சின்னதா ஒரு சிஎஸ்எஸ் செலக்டர். எழுத்தை வச்சுத் தேடணும்னா மட்டும் எக்ஸ்பாத், ஏன்னா சிஎஸ்எஸ்-ல எழுத்தை வச்சு தேட வழி இல்ல.

தொடவே கூடாதது, டெவலப்பர் டூல்ஸ்ல ரைட் கிளிக் பண்ணி "காப்பி ஃபுல் எக்ஸ்பாத்"னு எடுக்கிற நீள வரி. எச்டிஎம்எல்ல ஆரம்பிச்சு மூணாவது டிவ், அதுக்குள்ள ரெண்டாவது டிவ்னு எண்ணிக்கிட்டே போகும், நடுவுல யாராவது ஒரு பேனர் சேர்த்தா எண்ணிக்கை மாறி மொத்தமா வேற எதையோ காட்டும். சைட் நல்லாத்தான் இருக்கும், டெஸ்ட் மட்டும் சிவப்பு. அதே மாதிரி ஐடிக்குப் பின்னாடி ஒரு நம்பரோ, கிளாஸ் பேருல புரியாத எழுத்துக் கூட்டமோ ஒட்டிக்கிட்டு இருந்தா அது ஃப்ரேம்வொர்க் தானா உருவாக்குனது, அடுத்த பில்டுல வேற மாதிரி இருக்கும். பேஜை ரீலோட் பண்ணிப் பாருங்க, மாறுனா விட்டுடுங்க.

இன்னொண்ணு, டெக்ஸ்ட் பாக்ஸ்க்குள்ள டைப் பண்ணதை படிக்கணும்னா டாட் டெக்ஸ்ட் வேலை செய்யாது, காலியாத்தான் வரும், கெட்_அட்ரிபியூட்("வேல்யூ") போடணும். இதுல நிறைய பேரு நேரம் விடுறாங்க, அதான் முன்கூட்டியே சொல்றேன்.

காத்திருப்பு, இதுதான் உயிர்நாடி

டிரைவர்.கெட் பேஜ் லோட் ஆகுற வரைக்கும் காத்திருக்கும். ஆனா இன்னைக்கு இருக்கிற சைட்ல பாதி விஷயம் பேஜ் லோட் ஆன அப்புறம்தான் ஜாவாஸ்கிரிப்ட் மூலமா வருது. பேஜ் லோட் ஆச்சுன்னு பிரவுசர் சொன்ன அடுத்த கணமே ஸ்கிரிப்ட் எலிமெண்ட்டைத் தேடும், அது இன்னும் வந்திருக்காது, நோசச்எலிமெண்ட்னு எரர் விழும். உங்க மெஷின்ல நெட் வேகமா இருக்கிறதால ஓடும், வேற மெஷின்ல ஓடாது. ஃபிளேக்கி டெஸ்ட்னு சொல்றாங்களே, ஒரு நேரம் பாஸ் ஒரு நேரம் ஃபெயில், அதுக்குப் பெரும்பாலும் இந்தப் போட்டிதான் காரணம், ஸ்கிரிப்ட் முந்துதா பேஜ் முந்துதான்னு.

இதுக்கு எல்லாரும் முதல்ல கை வைக்கிறது டைம்.ஸ்லீப்(5). தயவு செஞ்சு அதைப் பழகிக்காதீங்க. பேஜ் அரை செகண்ட்ல வந்தாலும் 5 செகண்ட் நிக்கும், 6 செகண்ட் ஆச்சுன்னா ஃபெயில் ஆகும், ரெண்டு பக்கமும் நஷ்டம். அப்படி ஒவ்வொரு டெஸ்ட்லயும் நாலு ஸ்லீப், நூறு டெஸ்ட்னு கணக்குப் போட்டா 2000 செகண்ட், அரை மணி நேரத்துக்கு மேல சும்மா நிக்கிற நேரம் மட்டும்.

சரியான வழி எக்ஸ்பிளிசிட் வெய்ட், அதாவது இவ்வளவு நேரம் நில்லுன்னு சொல்லாம, இது நடக்குற வரைக்கும் நில்லுன்னு சொல்றது:

காத்திரு = வெப்டிரைவர்வெய்ட்(டிரைவர், 10)
பதில் = காத்திரு.அன்டில்(ஈசி.விசிபிலிட்டி_ஆஃப்_எலிமெண்ட்_லொகேட்டட்((பை.ஐடி, "மெசேஜ்")))

வெப்டிரைவர்வெய்ட்டையும் எக்ஸ்பெக்டட்_கண்டிஷன்ஸையும் மேல இம்போர்ட் பண்ணிக்கணும், ரெண்டாவதை ஈசின்னு சுருக்கி வச்சுக்குவாங்க. 10 செகண்ட்ங்கிறது அதிகபட்சம்தான், அரை செகண்ட்டுக்கு ஒரு தடவை அதுவே பார்த்துக்கிட்டே இருக்கும், எலிமெண்ட் வந்ததும் அடுத்த வரிக்குப் போயிடும். வரலேன்னா டைம்அவுட் எரர். அடைப்புக்குறி ரெண்டு ரெண்டா இருக்கு பாருங்க, உள்ள இருக்கிறது ஒரு ட்யூபிள் (ரெண்டு மதிப்பை ஒண்ணா சேர்த்த ஜோடி), ஒண்ணை விட்டுட்டீங்கன்னா ஆர்கியூமெண்ட் எண்ணிக்கை தப்புன்னு எரர் வரும்.

எந்த கண்டிஷன்ங்கிறதை யோசிச்சுத் தேர்ந்தெடுக்கணும். பிரசென்ஸ்னா எச்டிஎம்எல்ல இருந்தா போதும், கண்ணுக்குத் தெரியணும்னு அவசியமில்ல. விசிபிலிட்டின்னா திரைல தெரியணும். கிளிக்கபிள்னா தெரியவும் வேணும் எனேபிள் ஆகியும் இருக்கணும். ஆனா கிளிக்கபிள் கூட, பட்டன் மேல லோடிங் சுத்துற திரை மூடியிருக்கான்னு பார்க்காது, அப்ப எலிமெண்ட்கிளிக்இன்டர்செப்டட்னு வரும். அதுக்கு அந்த லோடிங் திரை மறையிற வரைக்கும் முதல்ல காத்திருக்கணும், இன்விசிபிலிட்டின்னு அதுக்கும் ஒரு கண்டிஷன் இருக்கு. ஒரு எலிமெண்ட் இல்லைன்னு உறுதி பண்றதுக்கும் இதேதான்.

இந்த இடத்துல கடுப்புல ஜாவாஸ்கிரிப்ட் வழியா நேரா கிளிக் பண்ணிடுவாங்க, எக்ஸிக்யூட்_ஸ்கிரிப்ட் போட்டு. எரர் போயிடும், ஆனா நிஜ யூசரால கிளிக் பண்ண முடியாத பட்டனைக் கூட அது கிளிக் பண்ணிடும், அப்புறம் டெஸ்ட் என்ன சொல்லுதுன்னு நம்புறது?

இம்பிளிசிட் வெய்ட்னு இன்னொண்ணு இருக்கு, ஒரே வரில எல்லா தேடலுக்கும் பொதுவா நேரம் குடுக்குறது, முதல்ல அது பூஜ்யமா இருக்கும். வசதியாத்தான் தெரியும், ஆனா அதையும் எக்ஸ்பிளிசிட் வெய்ட்டையும் கலக்காதீங்கன்னு செலினியம் டாக்குமெண்டேஷனே எச்சரிக்குது, கலந்தா எவ்வளவு நேரம் நிக்கும்னு கணிக்க முடியாது. எக்ஸ்பிளிசிட் மட்டும் வச்சுக்கோங்க.

இன்னும் ஒரு எரர் எல்லாரையும் குழப்பும், ஸ்டேல்எலிமெண்ட்ரெஃபரன்ஸ். நீங்க எலிமெண்ட்டைப் பிடிச்சு வேரியபிள்ல வச்சிருப்பீங்க, அதுக்குள்ள ஜாவாஸ்கிரிப்ட் அந்தப் பகுதியை அழிச்சு புதுசா வரைஞ்சிருக்கும், திரைல அதே பட்டன்தான் தெரியும், ஆனா உங்க கைல இருக்கிறது பழையது. பேஜ் மாறுற வேலை எதைப் பண்ணாலும் அதுக்கப்புறம் எலிமெண்ட்டைத் திரும்பத் தேடுங்க, பழசை வச்சிருக்காதீங்க, இது போயிடும்.

பைடெஸ்ட்டுக்குள்ள கொண்டு வர்றது

ஃபைல் பேரு டெஸ்ட்_-னு ஆரம்பிக்கணும், ஃபங்ஷன் பேரும் டெஸ்ட்_-னு ஆரம்பிக்கணும், டெர்மினல்ல பைடெஸ்ட்னு அடிச்சா தானா கண்டுபிடிச்சு ஓட்டும். டிரைவரைத் திறக்கிறதையும் மூடுறதையும் கான்ஃப்டெஸ்ட்.பை-ன்னு (இங்க பை-ங்கிறது பைத்தான் ஃபைலோட பி-ஒய்) ஒரு ஃபைல்ல ஃபிக்ஸ்சரா, அதாவது டெஸ்ட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் பைடெஸ்ட் தானா ஓட்டுற ஃபங்ஷனா, வச்சுடுங்க. ஃபிக்ஸ்சருக்குள்ள டிரைவரை உருவாக்கி, ஈல்ட் டிரைவர்னு எழுதி, அதுக்குக் கீழ டிரைவர்.குவிட்(). ஈல்டுக்குக் கீழ இருக்கிறது டெஸ்ட் பாஸ் ஆனாலும் ஃபெயில் ஆனாலும் ஓடும், முன்னாடி சொன்ன தங்கிப்போற புராசஸ் பிரச்சினை இதோட தீர்ந்துச்சு. டெஸ்ட் ஃபங்ஷனோட அடைப்புக்குறில டிரைவர்னு ஃபிக்ஸ்சர் பேரை எழுதுனா போதும், பைடெஸ்ட் குடுத்துடும்.

ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் புது பிரவுசர் திறக்கட்டும். நேரம் மிச்சம்னு ஒரே பிரவுசரை எல்லா டெஸ்ட்டுக்கும் பகிர்ந்தா ஒண்ணோட குக்கி இன்னொண்ணுக்குள்ள போயிடும், தனியா ஓட்டுனா பாஸ், சேர்த்து ஓட்டுனா ஃபெயில்னு ஒரு நிலைமை வரும், அதைத் துப்பறியிறது ரொம்ப கொடுமை. முதல் டெஸ்ட் அக்கவுண்ட் உருவாக்கும், ரெண்டாவது அதுல லாகின் ஆகும்னு சங்கிலி போடுறதும் அதே வியாதிதான். ஒவ்வொண்ணும் தனக்கு வேண்டியதைத் தானே தயார் பண்ணிக்கணும், ரெஜிஸ்டர் டெஸ்ட்ல இமெயில் முகவரிக்கு நடுவுல நேரத்தையோ யூயூஐடியையோ (ஒவ்வொரு தடவையும் வேற வேறயா வர்ற அடையாள எண்) சேர்த்து ஒவ்வொரு தடவையும் புதுசாக்கிக்கலாம். பாஸ்வேர்டை கோட்குள்ள எழுதாதீங்க, என்விரான்மென்ட் வேரியபிள்ல வச்சு எடுங்க.

டெஸ்ட் அஞ்சாறு ஆனதும் ஒரே லொகேட்டர் (எலிமெண்ட்டைத் தேடக் குடுக்கிற ஐடி, செலக்டர் மாதிரி முகவரி) பல இடத்துல திரும்பி வர்றது கண்ணுல படும். அப்ப லாகின் பேஜ்னு ஒரு கிளாஸ் எழுதி, அந்த பேஜோட லொகேட்டர் எல்லாத்தையும் அதுக்குள்ள வச்சு, லாகின்_பண்ணு மாதிரி ஒரு மெத்தட் குடுங்க. பேஜ் ஆப்ஜெக்ட்னு இதைச் சொல்வாங்க. பட்டனோட ஐடி மாறுனா ஒரே இடத்துல மாத்துனா போதும். அசர்ட் மட்டும் அதுக்குள்ள போக வேண்டாம், டெஸ்ட்லயே இருக்கட்டும், அப்பதான் டெஸ்ட்டைப் படிச்சதும் கேள்வி என்னன்னு புரியும். முதல் நாள்லயே இந்தக் கட்டமைப்பு எல்லாம் போட வேண்டியதில்ல, தேவை வரட்டும்.

தமிழ் எழுத்தோட டெஸ்ட் பண்றப்ப

இதை இங்கிலீஷ்ல இருக்கிற பாடங்கள்ல அவ்வளவா பார்க்க முடியாது, ஆனா நம்ம சைட்டுக்கு இது முக்கியம். செண்ட்_கீஸ்ல தமிழ் எழுத்து நேரடியா போகும், பிரச்சினை இல்ல. இமோஜி போட்டா குரோம்டிரைவர் மறுக்கும், அதோட செண்ட்_கீஸ் யூனிகோடோட அடிப்படைத் தளத்துல இருக்கிற எழுத்துகளை மட்டும்தான் ஏத்துக்கும், தமிழ் அதுக்குள்ளதான் இருக்கு.

சிக்கல் எங்கன்னா ஒப்பிடுறதுல. "கொ"ங்கிற எழுத்துல இருக்கிற ஒகரக் குறியை ஒரே யூனிகோட் குறியீடாவும் எழுதலாம், எகரக் குறியும் கால் எழுத்தும் சேர்ந்த ரெண்டு குறியீடாவும் எழுதலாம். திரைல ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு, பைத்தானுக்கு ரெண்டும் வேற வேற. அசர்ட் ஃபெயில் ஆகி, எதிர்பார்த்ததும் வந்ததும் ஒரே மாதிரி தெரியும், தலையைப் பிச்சுக்க வேண்டியதுதான். யூனிகோட்டேட்டான்னு பைத்தான் கூடவே வர்ற மாட்யூல்ல நார்மலைஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, ரெண்டு பக்கத்தையும் என்எஃப்சி வடிவத்துக்கு (ஒகரக் குறியை ஒரே குறியீடா சேர்க்கிற வடிவம்) மாத்திட்டு ஒப்பிடுங்க, முடிஞ்சுது. அதே நேரம், உங்க சைட்ல தேடல் பெட்டி இருந்தா இந்த ரெண்டு வடிவத்துலயும் தேடிப் பார்க்குற ஒரு டெஸ்ட் கண்டிப்பா எழுதுங்க, ஒரு வடிவத்துல ரிசல்ட் வந்து இன்னொண்ணுல வரலேன்னா அது நிஜமான பக், யூசர் அதைச் சொல்லக்கூடத் தெரியாம போயிடுவாங்க.

நீளமும் அப்படித்தான். "தமிழ்" நமக்கு மூணு எழுத்து, கம்ப்யூட்டர் எண்ணுறப்ப அஞ்சு. பேரு பெட்டில அதிகபட்சம் 20 எழுத்துன்னு வச்சிருந்தா தமிழ் பேரு பாதியிலயே வெட்டுப்படலாம், சில நேரம் புள்ளியைத் தனியா விட்டுட்டு வெட்டும். நீளமான தமிழ் பேரு ஒண்ணு குடுத்து, சேவ் ஆன அப்புறம் அப்படியே திரும்பி வருதான்னு பாருங்க.

மத்த சில்லறை விஷயங்கள்

டிராப்டவுன் நிஜமான செலக்ட் டேகா இருந்தா செலினியத்தோட செலக்ட் கிளாஸ் வச்சு, செலக்ட்_பை_விசிபிள்_டெக்ஸ்ட் போதும், டிவ் வச்சு அழகா செஞ்சிருந்தா சாதாரண எலிமெண்ட் மாதிரி கிளிக் பண்ணி கிளிக் பண்ணித்தான் போகணும். ஃபைல் அப்லோட்ல பிரௌஸ் பட்டனை கிளிக் பண்ணாதீங்க, திறக்கிற ஜன்னல் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோடது, செலினியத்துக்கு அது எட்டாது, அதுக்குப் பதிலா ஃபைல் வகை இன்புட்டுக்கு ஃபைலோட முழு பாதையை செண்ட்_கீஸ் பண்ணிடுங்க. ஐஃப்ரேமுக்குள்ள இருக்கிற எலிமெண்ட் கண்ணுக்குத் தெரியும் ஆனா கிடைக்காது, ஸ்விட்ச்_டு.ஃப்ரேம் போட்டு உள்ள போகணும், முடிஞ்சதும் டிஃபால்ட்_கண்டென்ட்டுக்கு வெளிய வரணும். அலர்ட் பெட்டிக்கும் புது டேபுக்கும் அதே ஸ்விட்ச்_டு குடும்பம்தான். பழைய எழுத்து இருக்கிற பெட்டில செண்ட்_கீஸ் அதோட ஒட்டி எழுதும், முன்னாடி க்ளியர் பண்ணிக்கோங்க.

ஃபெயில் ஆனா ஆதாரம் வேணும்

டெஸ்ட் ராத்திரி சர்வர்ல ஓடி ஃபெயில் ஆகியிருக்கும், காலைல வந்து பார்த்தா டைம்அவுட்னு ஒரு வரி மட்டும் இருந்தா என்ன புரியும்? ஃபெயில் ஆன அந்த நிமிஷம் டிரைவர்.சேவ்_ஸ்கிரீன்ஷாட் போட்டு படம் எடுங்க, கூடவே அப்ப இருந்த முகவரியையும் டிரைவர்.பேஜ்_சோர்ஸையும் ஒரு ஃபைல்ல எழுதுங்க. எதிர்பார்த்த பேஜே இல்ல, லாகின் பேஜுக்குத் திரும்பிப் போயிருக்குன்னு படத்தைப் பார்த்ததும் தெரிஞ்சுடும். பைடெஸ்ட்டோட ஹுக் (டெஸ்ட் ஓட்டத்துக்கு நடுவுல நம்ம கோடை நுழைக்கிற இடம்) வச்சு இதை கான்ஃப்டெஸ்ட் ஃபைல்லயே தானா நடக்கிற மாதிரி வச்சுடலாம், முதல் நாள்லயே போட வேண்டிய கட்டமைப்பு ஒண்ணு உண்டுன்னா அது இதுதான்.

சர்வர்ல திரை இருக்காதுங்கிறதால ஹெட்லெஸ் மோடுல ஓட்டுவோம், குரோம் ஆப்ஷன்ஸ்ல ஹெட்லெஸ் ஆர்கியூமெண்ட் சேர்த்தா ஜன்னல் திறக்காமலே ஓடும். அதோட ஜன்னல் அளவையும் 1920-க்கு 1080-னு நீங்களே சொல்லிடுங்க, சொல்லலேன்னா சின்ன அளவுல திறந்து, சைட் மொபைல் வடிவத்துக்கு மாறி, மெனு எல்லாம் மூணு கோட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கும். "என் மெஷின்ல ஓடுது சர்வர்ல ஓடல"ன்னு வந்தா நான் முதல்ல பார்க்குறது இதைத்தான்.

எதை எல்லாம் இதுல பண்ணக்கூடாது

கேப்ச்சாவை ஆட்டோமேட் பண்ண நினைக்காதீங்க, அது ஸ்கிரிப்ட்டைத் தடுக்கத்தான் இருக்கு, டெஸ்ட் சூழல்ல அதை அணைச்சு வைக்கச் சொல்லுங்க. கூகுள், ஃபேஸ்புக் மாதிரி வெளி சைட் வழியா லாகின் ஆகுறதையும் தவிர்க்கணும், அவங்க பேஜ் எப்ப மாறும்னு உங்க கைல இல்ல. சைட் எவ்வளவு வேகம்னு அளக்கிறதுக்கு இது சரியான கருவி இல்ல. எச்டிடிபி ஸ்டேட்டஸ் 200-ஆ 404-ஆன்னு தெரியணும்னா ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி போதும், பிரவுசர் எதுக்கு? கணக்கு சரியா வருதா, விதிமுறை சரியா பொருந்துதாங்கிறது எல்லாம் பிரவுசர் இல்லாம கோடோட ஒரு துண்டை மட்டும் சோதிக்கிற யூனிட் டெஸ்ட்ல கண் இமைக்கிற நேரத்துல பார்த்துடலாம். பிரவுசர் டெஸ்ட் மெதுவானது, அதனால அது நின்னா பிசினஸே நின்னுடும்ங்கிற பாதைக்கு மட்டும் எழுதுங்க, லாகின், பதிவு, பணம் கட்டுறது, தேடல் மாதிரி. இருபது நம்பகமான டெஸ்ட் இருநூறு சந்தேகமான டெஸ்ட்டை விட எவ்வளவோ மேல்னு நான் உறுதியா சொல்வேன்.

ஃபிளேக்கி டெஸ்ட் வந்துட்டா

எவ்வளவு கவனமா எழுதுனாலும் ஒண்ணு ரெண்டு வரும். ஃபெயில் ஆனா தானா திரும்ப ஓட்டுற பிளகின் இருக்கு, அதை மாட்டி சிவப்பை மறைக்கிறது சுலபம், ஆனா சில நேரம் அந்த ஃபெயில்தான் நிஜமான பக், மெதுவான நெட்ல இருக்கிற யூசருக்கு பட்டன் வேலை செய்யலங்கிறதை அது சொல்லிக்கிட்டு இருக்கும். அதனால முதல்ல அந்த டெஸ்ட்டை மத்ததுல இருந்து தனியா பிரிச்சு வைங்க, மத்த டெஸ்ட் மேல இருக்கிற நம்பிக்கை கெடாம இருக்கும். அப்புறம் ஒரு ஃபார் லூப்ல அதை மட்டும் ஐம்பது தடவை ஓட்டி ஸ்கிரீன்ஷாட்டை எல்லாம் வரிசையா பாருங்க, டெவலப்பர் டூல்ஸ்ல நெட்வொர்க் டேப்ல வேகத்தைக் குறைச்சு கையாலயும் ஒரு தடவை செஞ்சு பாருங்க. பெரும்பாலும் ஏதோ ஒரு கிளிக்குக்கு அப்புறம் எதுக்காகக் காத்திருக்கணுமோ அதுக்குக் காத்திருக்காம, வேற எதுக்கோ காத்திருக்கும். அந்த ஒரு கண்டிஷனை மாத்தி, மறுபடி ஐம்பது தடவை ஓட்டி, எல்லாம் பாஸ்னு வந்த அப்புறம் திரும்ப உள்ள சேருங்க. காரணம் கிடைக்கவே இல்லேன்னா அந்த டெஸ்ட்டை அழிச்சுட்டு, அதே கேள்வியை யூனிட் டெஸ்ட்லயோ பிரவுசர் இல்லாம சர்வர் கிட்ட நேரா பேசுற ஏபிஐ டெஸ்ட்லயோ கேக்க முடியுதான்னு பாருங்க.